முந்நூற்றுப் பதினெட்டாம் முத்திரை

ஹாமர்ஸ்டேலில் துணி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்ட பிறகு, அந்தப் பெரிய கொட்டகைகளில் பத்து வருஷம் புறாக்கள்தான் குடித்தனம் நடத்தின. அவற்றில் ஒன்றுக்கு வெள்ளையடித்து, தரையில் தண்டவாளம் பதித்து, டர்பன் நகரத்தின் புது மெட்ரோவுக்கு அங்கே மின்சார ரயில் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது யாரும் நம்பவில்லை. ஆள் எடுக்க வந்தவர்கள் தையல் தெரிந்த பெண்களாகப் பார்த்துக் கேட்டது அதைவிட வேடிக்கையாக இருந்தது.

"ரயிலுக்குப் பாவாடை தைக்கப் போறோமா?" என்று வரிசையில் நின்ற டுமசீலே சத்தமாகக் கேட்டாள். வரிசையே சிரித்தது. அவளுக்கு முன்னால் நின்ற ஸோட்வா மட்டும் திரும்பி, "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு, இதுவும் போயிடப் போகுது" என்று முழங்கையால் இடித்தாள்.

இருவரும் சட்டைக் காலர் தைத்த காலத்திலிருந்தே அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்தவர்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம். ஆலையில் எல்லோரும் ஸோட்வாவை மாங்கிடி என்றும் டுமசீலேயை மாஷாங்கே என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஸோட்வாவைப் பெயர் சொல்லி அழைப்பவள் டுமசீலே ஒருத்திதான்.

தையல்காரிகளைத் தேடியதற்குக் காரணம் உள்ளே போன பிறகுதான் புரிந்தது. ஒரு ரயில் பெட்டிக்குள் கிலோமீட்டர் கணக்கில் வயர் ஓடுகிறது. கதவுக்கு, விளக்கிற்கு, பிரேக்குக்கு என்று தனித்தனியாகப் பிரித்து, நீளமான ஆணிப் பலகையில் வரிசை தப்பாமல் ஓட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, முனைகளில் லக் என்கிற உலோகக் காதுகளை அடித்துப் பொருத்த வேண்டும். ஆண்களின் தடித்த விரல்கள் அதில் தடுமாறின. காலர் மூலையை நூல் பிசகாமல் திருப்பிய விரல்களுக்கு அது விளையாட்டு.

ஒவ்வொருத்திக்கும் கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளை முத்திரை கொடுத்தார்கள். கட்டு முடிந்ததும் அதன் லேபிளில் சீல் குத்த வேண்டும். ஸோட்வாவுடையது முந்நூற்றுப் பதினெட்டு. நாளை அந்தக் கட்டில் கோளாறு என்றால் எண்ணைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். அதனால் முத்திரையை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. விடுப்பில் போனால் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். மீறினால் வேலை போகும். முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

முதல் ரயில் நீலமும் வெள்ளையுமாகக் கொட்டகையை விட்டு வெளியே வந்த அன்று பெண்கள் குலவையிட்டுக்கொண்டே பக்கவாட்டில் ஓடினார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் ஸோட்வா மூன்றாம் பெட்டியைக் காட்டி, "அந்தக் கதவு திறந்தா நான்தான் திறந்தேன்னு நெனச்சுக்குங்க" என்றாள். அவள் பெருமையாகப் பேசிக் கேட்டது அன்றுதான் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள்.

மூன்றாவது ரயில் முடிந்து நாலாவதைத் தொடங்கியபோது ஸோட்வா பலகை முன்னாலேயே சுருண்டு விழுந்தாள். இரண்டு நாளாக வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்; குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. வாசல் வரை அவளைத் தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரில் டுமசீலேயும் ஒருத்தி. ஆம்புலன்சில் ஏற்றும்போது ஸோட்வா மேலங்கிப் பையிலிருந்து முத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"ஆபீஸ்ல குடுத்துடு டுமா."

"குடுத்துடறேன். நீ பேசாதே. மூச்சை விடு."

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை வயிற்றைத் திறந்தார்கள். மூன்று வாரம் அங்கே, ஆறு வாரம் வீட்டில். அவள் கணவன் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் வேலை பார்த்தான். மாதக் கடைசியில் வந்து போவான். எஞ்சிய நாள்களில் அவளைப் பார்த்துக்கொண்டது டுமசீலேதான். ஷிஃப்ட் முடிந்து நேராக வருவாள். தண்ணீர் சுட வைத்து, தையல் போட்ட இடம் நனையாமல் உடம்பைத் துடைத்துவிடுவாள். புளித்த மாவுக் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, கரண்டியால் ஊட்டுவாள். "வாயைத் திற, மகாராணி" என்பாள். ஸோட்வாவுக்குச் சிரித்தால் வயிறு இழுக்கும். "சிரிக்க வைக்காதேடி, கொன்னுடாதே" என்று கையெடுத்துக் கும்பிடுவாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை டுமசீலே முத்திரையை அவள் கையில் வைத்தாள்.

"இது எப்படி உன்கிட்ட? ஆபீஸ்ல குடுக்கலையா?"

"குடுத்திருந்தா உன் எடத்துக்கு அன்னைக்கே வேற ஒருத்தியைப் போட்டிருப்பாங்க. வெளியில எவ்வளவு பேர் நிக்கிறாங்க தெரியுமா? பாபா சிபிசிகிட்டப் பேசி உன் எடத்தைப் பிடிச்சு வெச்சேன்."

பாபா என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் சிபிசி, வயரிங் பிரிவின் தலைவர். ஸோட்வா தோழியைக் கட்டிக்கொண்டு அழுதாள். டுமசீலே இப்போது மேற்பார்வையாளரின் நீலக் கோட்டு போட்டிருந்தாள் என்பதையும், தான் இல்லாத ஒன்பது வாரத்தில் நாலு ரயில் முடிந்து போயிருக்கிறது என்பதையும் அன்று அவள் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டாள். "நான் இல்லாம என்ன வேகம்!" என்றுகூடச் சொன்னாள். டுமசீலே சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், சோதனை ஓட்டத்தில் இருந்த ஆறாவது ரயில் பைன்டவுனுக்கு முன்னால் உள்ள உயர்பாலத்தில் நின்றது. மூன்றாம் பெட்டியின் கதவுப் பலகைக்குப் பின்னால் புகை. கதவு திறக்கவில்லை. உள்ளே சிக்கிய இரண்டு சோதனை ஊழியர்களை வெளியே இழுக்க, ஓட்டுநர் ம்லாபா கொதிக்கும் பலகையை வெறும் கையால் பிய்த்தெடுத்தார். உயிர்ச்சேதம் இல்லை. ம்லாபாவின் இரண்டு உள்ளங்கையும் வெந்து போயின.

கருகிய வயர்க் கட்டை நகர நிர்வாகத்தின் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். பாதி எரிந்த லேபிளின் படம் மட்டும் ஆலைக்கு வந்தது. அதில் முந்நூற்றுப் பதினெட்டு.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் ம்லாபா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. ஸோட்வா வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீதான் அந்த முந்நூத்திப் பதினெட்டா?"

"ஆமா பாபா. ஆனா அந்த ரயிலை நான்..."

"என் பொண்டாட்டி எனக்கு மூக்குச் சிந்தி விடறா, தெரியுமா உனக்கு? சின்னப் புள்ளைக்குப் பண்ற மாதிரி." ஸோட்வா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

உள்ளே அவளுக்குப் பெரிய பயம் இல்லை. ஆறாவது ரயில் கட்டிய நாள்களில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ஊருக்கே தெரியும். அதைத்தான் சொன்னாள். மேஜைக்கு அந்தப் பக்கம் பாபா சிபிசியும் கம்பெனி நிர்வாகத்தின் இரண்டு ஆட்களும். ஓரத்தில் நீலக் கோட்டில் டுமசீலே.

"அப்ப உங்க முத்திரை எங்க இருந்துச்சு, மாங்கிடி?" என்று சிபிசி கேட்டார்.

"மாஷாங்கேகிட்ட. ஆம்புலன்ஸ் ஏறும்போது குடுத்தேன். ஆபீஸ்ல ஒப்படைக்கச் சொல்லி."

எல்லோரும் டுமசீலேயைப் பார்த்தார்கள். ஸோட்வாவும் பார்த்தாள், நீ சொல்லு என்பதுபோல, நிம்மதியாக.

டுமசீலே மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என்கிட்ட அவ எதுவும் குடுக்கலை. அன்னைக்கு அவ பையிலேயேதான் இருந்துச்சு. வீட்டுல அலமாரியில பார்த்திருக்கேன். அவ வீட்டுக்கு வர்ற போற ஆளுங்க எத்தனையோ பேர்."

ஸோட்வாவுக்கு முதலில் அது காதில் சரியாக விழவில்லை என்றே தோன்றியது. "டுமா?" என்றாள். "டுமா, என்ன சொல்றே? நான் உன் கையில வெச்சேனே. மூச்சை விடுன்னு சொன்னியே."

"எனக்கு ஞாபகம் இல்லை, மாங்கிடி."

பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த மரியாதைப் பெயர் வந்ததே இல்லை. மற்றதையெல்லாம் விட அதுதான் ஸோட்வாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. பிறகு அவர்கள் கேட்டவற்றுக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போகும் வேனில் அவள் ஏறியபோது பின் சீட்டில் ஒருவன், "தள்ளி உக்காருங்கப்பா, புகையப் போகுது" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தாள்.

மூன்று நாள் வீட்டுக்குள் கிடந்தாள். சனிக்கிழமை மத்தியானம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு டுமசீலேயின் வீட்டுக்குப் போனாள். டுமசீலே கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டு கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வா. உள்ள வந்து உக்காரு."

"உக்கார வரலை. உன் கையில நான் குடுத்தேனா இல்லையா?"

டுமசீலே வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "குடுத்தே."

"அப்புறம் ஏன் அங்க அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்ல முடியும் ஸோட்வா? சிபிசி என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு மூணு பிள்ளைங்க, புருஷன் கெடையாது. உனக்காவது ஒருத்தன் மாசாமாசம் வர்றான்."

"சரி. உள்ள நடந்ததைச் சொல்லு."

டுமசீலே துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். வயர்க் கட்டுகள் இங்கேயே செய்யப்பட வேண்டும் என்பது நகரத்தோடு போட்ட ஒப்பந்தம். ஆனால் ரயில்கள் தாமதமாகிக்கொண்டிருந்தன. நாலு ரயிலுக்கான கட்டுகளை வெளிநாட்டிலிருந்து ரெடியாகவே பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டார்கள். லேபிளில் மட்டும் உள்ளூர் எண் வேண்டும்.

"உன் சீல் உன்கிட்டதானே இருந்துச்சு? அதைக் குத்த வேண்டியதுதானே? எதுக்கு என்னுது?"

டுமசீலேயின் கை நின்றது.

"டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு ஸோட்வா. உன் புருஷன் இன்னும் வந்து சேரலை. இவ பொழைக்கிறது கஷ்டம், சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புங்கன்னாரு. ராத்திரி பூரா அழுதேன். மறுநாள் காலைல சிபிசி கூப்பிட்டு யார் நம்பரையாவது குத்துன்னாரு. என் பையில ரெண்டு சீல் கெடந்துச்சு. நீ எப்படியும் போயிடுவேன்னு நெனச்சேன். செத்தவ நம்பரு யாருக்கு வலிக்கப் போகுதுன்னு நெனச்சேன்."

கொல்லையில் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஸோட்வா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சாகலையே."

"சாகலை."

"நான் எந்திரிச்சு உக்காந்த பிறகும் குத்தினியா?"

"ஆரம்பிச்சாச்சு. பாதியில நம்பரை மாத்தினா சந்தேகம் வரும்னாரு."

"அப்ப காலைல போய் என் நம்பரைக் குத்திட்டு, சாயங்காலம் வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினே."

"அது வேற, இது வேற!" டுமசீலே அழ ஆரம்பித்தாள். "கஞ்சி ஊட்டினது நெசம், ஸோட்வா. அதுல பொய் கெடையாது. கடவுள் சத்தியமா."

"அதான் எனக்குத் தாங்கலை" என்றாள் ஸோட்வா. "நீ என்னை வெறுத்திருந்தா நான் இந்நேரம் திட்டித் தீர்த்துட்டுப் போயிருப்பேன்."

திங்கட்கிழமை அவள் டர்பனுக்குப் போனாள். விபத்தை விசாரிக்கும் நகரப் பொறியாளர் க்வாபே என்ற பெண். ஸோட்வாவைவிட வயதில் சிறியவள். கருகிய கட்டு அவள் மேஜையின் மேலேயே கிடந்தது. ஸோட்வா உட்காரக்கூட இல்லை. குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எங்க கட்டே இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றீங்க, மா?"

"நாங்க ஒரு சாணுக்கு ஒரு கறுப்புப் பட்டை போட்டு இறுக்குவோம். இதுல வெள்ளை, அதுவும் ஒன்றரைச் சாணுக்கு ஒண்ணு. பாருங்க, கதவு மடங்குற எடத்துல மேலுறை போடலை. திறந்து மூடித் திறந்து மூடி இரும்புல உரசியிருக்கு. தோல் தேஞ்சுதான் பத்திக்கிச்சு. இன்னும் மூணு ரயில் இப்படி நிக்குது."

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து வைத்தாள். க்வாபே தேதிகளைப் பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்தாள்.

"மா, ஒண்ணு புரிஞ்சுக்குங்க. இதை நான் எழுதினா, நீங்க முத்திரையை இன்னொருத்தர்கிட்ட குடுத்தீங்கன்னும் எழுதணும். அதுக்கே உங்க வேலை போயிடும்."

"எழுதுங்க. அந்தத் தப்பு என்னோடதுதான். குடுக்கக் கூடாத ஆள்கிட்ட குடுத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அந்த மூணு ரயில்லயும் ஜனங்க ஏறப் போறாங்க, மேடம். கதவு திறக்கலைன்னா அவங்க எங்க போவாங்க?"

நாலு ரயிலின் பக்கப் பலகைகளையும் கழற்றினார்கள். எல்லாவற்றிலும் வெள்ளைப் பட்டை, எல்லாவற்றிலும் முந்நூற்றுப் பதினெட்டு. செய்தித்தாள்களில் வந்தது. மெட்ரோ திறப்பு ஏழு மாதம் தள்ளிப் போனது. சிபிசியைக் கம்பெனி வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு மாற்றியது. அது தண்டனையா பதவி உயர்வா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. டுமசீலேயை வேலையை விட்டு நீக்கினார்கள். க்வாபே சொன்னபடியே ஸோட்வாவையும் நீக்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நாலு ரயிலின் கட்டுகளையும் இங்கேயே புதிதாகச் செய்ய வேண்டும் என்று நகரம் பிடிவாதம் பிடித்தபோது, தேர்ந்த கை போதாமல் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பழைய பணிக்காலம் கணக்கில் வராது, புது ஆளாகத்தான் சேர வேண்டும் என்றார்கள். சேர்ந்தாள். ம்லாபாவிடமிருந்து மட்டும் ஒரு நாள் ஆள் மூலம் செய்தி வந்தது: வலது கை மடங்குகிறதாம், அன்றைக்குப் பெஞ்சில் பேசியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாமாம்.

ஊரில் எல்லோரும் அவளைக் கொண்டாடிவிடவில்லை. விசாரணை நடந்த ஏழு வாரம் கொட்டகை மூடிக் கிடந்தது. அதற்கு அவளைத்தான் சபித்தார்கள். டுமசீலே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வருகின்றன என்று சொன்னார்கள். கடைசியில் தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தின் தலைவி மாஸொண்டி தலையிட்டாள். வியாழக்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் ஊர் வழக்கப்படி இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் கை கழுவி, பகையைத் தண்ணீரோடு விட்டுவிட வேண்டும் என்றாள்.

வியாழக்கிழமை சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக முப்பது பெண்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் எனாமல் பேசினில் சாம்பல் கரைத்த தண்ணீர். டுமசீலேயும் அதே சிவப்புச் சட்டையில்தான் வந்திருந்தாள். சட்டை தொளதொளத்தது, பாதியாக இளைத்திருந்தாள். அவள் முழங்காலிட்டு, சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் எல்லோர் முன்னாலும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள், செத்தவள் எண் என்று நினைத்ததையும் சொன்னாள். சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு கைகளைத் தண்ணீரில் விட்டு, தலை நிமிராமல் காத்திருந்தாள்.

"வா, மாங்கிடி" என்றாள் மாஸொண்டி.

ஸோட்வா பேசினுக்கு அருகில் வந்து குனிந்தாள். சாம்பல் தண்ணீருக்குள் அந்தக் கைகள் கிடந்தன. வயிற்றின் தையலைச் சுற்றி வெதுவெதுப்பான துணியை ஒற்றி எடுத்த கைகள். அவள் விரல் தண்ணீரைத் தொடும் அளவுக்குப் போய் நின்றுவிட்டது.

"என் கை சுத்தமாத்தான் இருக்கு மா" என்றாள் மாஸொண்டியிடம். "அவ கழுவிக்கட்டும். அவ பிள்ளைங்களை யாரும் எதுவும் சொல்லக் கூடாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா என்னால முடியலை. முடிஞ்சுட்டதுன்னு பொய் சொல்லவும் முடியலை."

"மனசைக் கல்லாக்கிக்காதே."

"கல்லா இருந்தா கழுவிட்டுப் போயிருப்பேனே, மா."

டுமசீலே நிமிரவே இல்லை. ஸோட்வா வட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் பெண்கள் தாழ்ந்த குரலில் ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். யாரோ ஒருத்தி "நெஞ்சழுத்தக்காரி" என்று சொன்னது காதில் விழுந்தது.

வெயில் இன்னும் இருந்தது. சரிவுப் பாதையில் இறங்கினாள். நடந்ததையெல்லாம் யாரிடமாவது கொட்ட வேண்டும், நான் செய்தது சரியா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஒரு பாட்டம் அழ வேண்டும் போலிருந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் அப்படிப் போய் உட்கார்ந்து அழுத வீடு ஒன்றே ஒன்றுதான். கால் பழக்கத்தில் அந்தத் தெரு முனை வரை போய்விட்டது. அங்கே சற்று நேரம் நின்றாள். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுற்று வழியாகத் தன் வீட்டை நோக்கி நடந்தாள்.